அந்த ஷாட்டைச் செய்தது யார்?

இது நானாகக் கட்டிய கதையாக இருந்தால் இன்னும் நன்றாகவே கட்டியிருப்பேன். நடந்தது என்பதால்தான் முன்னும் பின்னும் பிடிபடாமல் கிடக்கிறது. லோகேஸ்வரியை எனக்கு நன்றாகத் தெரியும். பொய்யே சொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். அவள் சொன்ன ஒரு பொய்யில்தான் இதெல்லாம் வந்தது. ஆனால் இதை என்னிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த தே தாரேக் டீ மேசையெல்லாம் சிந்தியது.

ஜார்ஜ்டவுனில் ஒரு கல்லூரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் படித்தாள். வீடு கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில், தினமும் ஃபெரியில் வந்து போவாள். கடைசி வருடக் குறும்படத்துக்கு மூன்று பேர் குழு. பிரியந்தி இயக்கி, அவளே நடித்தாள். ஹரிசங்கர் கேமரா. லோகேஸ்வரி எஃபெக்ட்ஸ்.

எஃபெக்ட்ஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பேய்ப்படம்தான், ஆனால் படத்தில் பேய் கிடையாது. லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு காலிக் கடைவீட்டின் மாடியில், அலமாரிக் கதவு தானாகத் திறக்கும். அவ்வளவுதான். கதவில் தூண்டில் நூலைக் கட்டி ஹரி இழுத்தான். அந்த நூலை ஒவ்வொரு ஃபிரேமாக அழிப்பது லோகேஸ்வரியின் வேலை. நன்றாக அழித்தால் அழித்ததே தெரியாது. தெரியாத வேலைக்கு யார் கை தட்டுவார்கள்?

பிரியந்திக்குத் தட்டினார்கள். அவள் அப்பா வக்கீல், பணக்காரர்கள் இருக்கும் தஞ்சோங் பூங்காவில் வீடு, லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று முனகினால் போதும், மறுநாள் புதுசு வந்துவிடும். ஹரியும் அவள் ஜோக்குக்குத்தான் முதலில் சிரிப்பான். இத்தனைக்கும் பிரியந்தி நல்லவள். அதுதான் லோகேஸ்வரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு நாகரிகமாக ஒரு பெயர் தேட வேண்டாம். பொறாமை. சோற்றில் கை வைத்தாலும் அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது.

படத்தை விரிவுரையாளர் சிக்கந்தர் சாருக்குப் போட்டுக் காட்டினார்கள். அலமாரி ஷாட் வந்தபோது அவர் நிறுத்தச் சொன்னார்.

"படிக்கட்டுல ஒரு அம்மா நிக்கிறாங்களே... யாரு செஞ்சது?"

லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபிரேமின் வலது ஓரம். மேலே போகும் மரப்படி. அதில் ஒரு பெண். பழுப்பு நிறப் பருத்திச் சேலை. ஐம்பது வயதிருக்கும். கிளினிக்கில் தன் பெயரைக் கூப்பிடக் காத்திருப்பவளைப் போல, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரம் அந்த ஷாட்டோடு குடும்பம் நடத்தியவள் லோகேஸ்வரி. அந்தப் படியில் யாரும் இருந்ததில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. நிழல் ஒவ்வொரு படியிலும் சரியாக மடிந்து விழுந்திருந்தது. ஓரங்களில் ஒரு பிசிறு கிடையாது. தன்னால் இப்படிச் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். காசு கொடுத்து வெளியாள் யாரையோ வைத்து, என் முதுகுக்குப் பின்னால் செய்திருக்கிறாள் பிரியந்தி! அப்படித்தான் நினைத்தாள்.

"கேஎல்ல ஒரு ஸ்டூடியோ என்கிட்ட ஒரே ஒரு பேரு கேக்குறாங்க. நிரந்தர வேலை. இதச் செஞ்சவங்க பேரக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார் சார்.

ஹரி பிரியந்தியைப் பார்த்தான். பிரியந்தி வாயைத் திறந்தாள்.

"சார், அது வந்து..."

"நான்தான் சார்" என்றாள் லோகேஸ்வரி.

வெளியே வந்ததும் பிரியந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப செஞ்ச? சொல்லவே இல்ல! டெரர் லா நீ!"

நடிக்கிறாள் என்று லோகேஸ்வரி நினைத்தாள். கையை உருவிக்கொண்டாள்.

சிக்கலும் கூடவே வந்தது. சார் பிரேக்டவுன் கேட்டார். எஃபெக்ட்ஸ் போடுவதற்கு முன் காட்சி எப்படி இருந்தது, போட்ட பின் எப்படி ஆனது என்று காட்டும் சின்ன வீடியோ. ஸ்டூடியோவுக்கு அதைத்தான் அனுப்புவார்கள். லோகேஸ்வரி கவலைப்படவில்லை. கேமராவிலிருந்து இறக்கிய அசல் காட்சி அவள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அதுதான் 'முன்'.

சனிக்கிழமை காலை. அம்மா பாசாருக்குப் போயிருந்தார். அசல் காட்சியைத் திறந்தாள்.

படியில் அந்தப் பெண் நின்றாள்.

லோகேஸ்வரி இன்னொரு ஃபைலைத் தேடினாள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காட்சி முடிந்ததும் கேமராவை அசைக்காமல் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். வெறும் அறை மட்டும் ஒரு நிமிடம் பதிவாகும். க்ளீன் பிளேட் என்பார்கள். எதையாவது அழித்தால் அந்த இடத்தை அடைக்க உதவும். அன்று மூவரும் கீழே தெருவில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஒருவரும் இல்லை. அது நிச்சயம்.

க்ளீன் பிளேட்டைத் திறந்தாள்.

நின்றாள்... அதே படி. அதே சேலை.

அங்கேயே லேப்டாப்பை மூடியிருக்கலாம். பிரியந்திக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஒரே பேர் பிரியந்தியின் பேராகிவிடுமே! அது மட்டும் அவளால் முடியாது.

அந்தப் பெண்ணை அழித்து 'முன்' காட்சியைத் தானே உண்டாக்க உட்கார்ந்தாள். சுவரிலிருந்து கொஞ்சம், படியிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்தப் பெண்ணின் மேல் பூசினாள். ஒரு ஃபிரேம். அடுத்த ஃபிரேம். டக்... டக்... மவுஸ் சத்தம் மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். தொடங்கும்போது அந்தப் பெண் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பாதி முகம் திரும்பியிருந்தது.

லோகேஸ்வரி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

டக்...

கையை எடுத்த பிறகு கேட்டது.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

மறுபடி அழித்தாள். வேகமாக. முகம் இன்னும் திரும்பியது. இன்னும்...

கடைசி ஃபிரேம்.

அந்தப் பெண் நேராகப் பார்த்தாள்.

அந்தக் கண்களையும் லோகேஸ்வரி அழித்தாள்.

பிரேக்டவுன் போனது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வீடியோ காலில் நேர்காணல். ஸ்டூடியோவிலிருந்து சாந்தினி என்ற அதிகாரி பேசினார். லோகேஸ்வரி வீட்டில் தனியாக, நல்ல சட்டை போட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாந்தினி முதலில் சிரித்தார்.

"பிரேக்டவுனே செம்ம. இது அதவிட! கால்லயே லைவா போட்டுட்டீங்களா?"

"எது மேடம்?"

"உங்க பின்னால நிக்கிறாங்களே... அந்த அம்மா."

லோகேஸ்வரி தன் படம் தெரிந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். அவள் மட்டும்தான். திரும்பினாள். சுவர். கட்டில். மடித்து வைத்த துணி. வேறொன்றும் இல்லை.

"நீங்க திரும்புனதும் அவங்களும் நகர்றாங்க! எப்படிங்க செஞ்சீங்க?"

போதும். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சொல்லிவிட முடிவு செய்தாள்.

"மேடம்... உண்மையிலேயே அது..."

நிறுத்தினாள். மனதில் தெளிவாக ஒரு நினைப்பு வந்தது. *சொல்லாதே. சொன்னால் அவளுக்குப் போய்விடும்.*

"நான்தான் செஞ்சேன் மேடம்."

வேலை கிடைத்தது.

கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தாள். தனக்கு ஒரு செய்திகூட அனுப்பாத தோழியை வழியனுப்ப, பிரியந்தி பஸ் நிலையம் வரை வந்தாள். லோகேஸ்வரி அப்போதும் சரியாக முகம் கொடுக்கவில்லை. இதை அவளே சொன்னாள்.

முதல் நாள். மதிய உணவு முடிந்ததும் சாந்தினி மற்றவர்களைக் கூப்பிட்டார். நேர்காணலைப் பதிவு செய்து வைத்திருந்தார்களாம்.

"வாங்க, நம்ம புதுப் பொண்ணு என்ன பண்ணியிருக்குன்னு பாருங்க."

பெரிய திரையில் ஓடியது. லோகேஸ்வரி முதன்முறையாக அதைப் பார்த்தாள். பழுப்புச் சேலைக்காரி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"மேடம்... உண்மையிலேயே அது..." என்றது திரையில் அவள் குரல்.

அப்போது அந்தப் பெண் குனிந்தாள்.

மெதுவாக...

லோகேஸ்வரியின் காது வரைக்கும்.

உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"அட, இந்த இடத்துல மட்டும் வாய்ஸ் போட மறந்துட்டீங்களா? என்ன சொல்றாங்க?" என்று சாந்தினி கேட்டார்.

அந்த உதடுகள் சொன்னது லோகேஸ்வரிக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரியும். அன்று அதைத் தன் சொந்த நினைப்பு என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.