போனிடம் மகளுக்குப் பதிலாக நான் பேசினேன்

என் ஆறு வயது மகள் காது கேட்கும் கருவி வைத்துத்தான் பேசப் பழகுகிறாள். "அப்பாவுக்கு போன் போடு" என்று போனிடம் சொல்வது, பேச்சுப் பயிற்சி டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். அவள் சொன்னால் "புரியவில்லை" என்றே பதில் வரும். அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே சொல்லிவிடுவேன்.

போன மாதம் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி, உள்ளே மாட்டிக்கொண்டேன். கணவர் செராமிக் பட்டறையில் இருந்தார். "பாப்பா, போன்ல சொல்லு" என்று கத்தினேன். அவளோ போனைக் கதவிடுக்கில் வைத்து, நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள். தகரக் கதவின் அதிர்வில் என் குரலும் அதற்குப் புரியவில்லை. அவள் காலடி விலகிப் போனது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல். "பாப்பா வந்து 'அம்மா, கதவு'ன்னுச்சு. பொம்மைக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருந்ததை அப்படியே போட்டுட்டு ஓடியாறேன். இரு, சுத்தியல் எடுத்தாரேன்."

இப்போதெல்லாம் பயிற்சி நேரத்தில் நான் வாய் திறப்பதில்லை. அவள் குரலையே பதிவு செய்து போனுக்குப் பழக்குகிறோம்.

நேற்று பட்டறையிலிருந்து கணவர் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்: "பாப்பா போன் போட்டுச்சே, போன்கிட்ட நீ சொன்னியா?"

"இல்லீங்க. நான் அடுப்படியில இருந்தேன்."

- ஒரு வாசகி, விருத்தாசலம்