நான் ஒழுக வைத்த குழாய்

போன ஆவணி மாதம், திருச்சியில் ஒரு கல்லூரிக்குள் இருக்கும் நவீன கலைக்கூடத்தில் நடந்தது இது. கலையெல்லாம் பார்க்கப் போகிற ஆசாமி இல்லை நான். ஸ்ரீரங்கத்தில் இருபது வருஷமாகப் பிளம்பர் வேலை. கலைக்கூடத்துப் பாத்ரூமில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, உடனே வாங்க என்று கல்லூரி ஆபீசிலிருந்து போன் வந்தது. போனேன், அரை மணி நேரத்தில் முடித்தேன்.

திரும்பும்போது வந்த வழியை விட்டுவிட்டு வேறொரு கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே இருட்டு. ஜில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தண்ணீர்! வெறும் வெளிச்சம்தான், ஆனால் அலை அலையாக அசைந்து போய்க்கொண்டிருந்தது. முக்கொம்பில் தண்ணீர் ஓரமாக மரத்தடியில் படுத்திருந்தால், மேலே இலையெல்லாம் இப்படித்தான் மினுங்கும். பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வீடு, வேலை, அடுத்துப் போக வேண்டிய இடம் எல்லாம் மறந்து போச்சு.

அப்போதுதான் காதில் விழுந்தது. சொட்... சொட்... சுவரில் ஒரு பழைய பித்தளைக் குழாய். அதன் கீழே தளும்பத் தளும்ப ஓர் அண்டா. எனக்கு ஒழுகுகிற குழாயைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்துக்குப் போனால்கூடக் கை கழுவும் இடத்தில் குழாயை முறுக்கிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன், வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். கை சும்மா இருக்குமா? தண்ணீரை அடைத்து, குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரைத் திரைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, புதுசு போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டு இல்லை. யாரும் சொல்லாமலே செய்த வேலை என்று பெருமை வேறு.

நிமிர்ந்தேன். கூரையில் இருந்த அலையெல்லாம் மெதுவாக அடங்கி, நின்றே போயிருந்தது.

ஒரு மாணவி ஓடி வந்தாள். குழாயைப் பார்த்தாள், கையில் ஸ்பேனரோடு நின்ற என்னைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழாய், அண்டா, இருட்டு எல்லாம் சேர்ந்துதான் அவள் செய்த படைப்பாம். சொட்டு விழுந்தால் தண்ணீர் அசையும், அதன்மேல் படுகிற விளக்கு வெளிச்சம் கூரையில் அலையாகும். கடைசி வருஷப் பரீட்சையே அதுதான். மார்க் போடுகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். தொடாதீர்கள் என்று முன்வாசலில் எழுதித்தான் வைத்திருந்தாள், நான் பின்வாசல் வழியாக வந்து தொலைத்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புது வாஷரோடு கொஞ்சம் திறந்தால் நூலாகக் கொட்டியது, மூடினால் அடியோடு நின்றது. பழசுதான் வேண்டும். வெளியே ஓடி, குரோட்டன்ஸ் செடிகளுக்குள் மண்டி போட்டுத் தேடினேன். சட்டைப் பொத்தான் அளவு கறுப்பு ரப்பர், மண்ணும் கறுப்பு. கடைசியில் அவள்தான் கண்டெடுத்தாள்.

மாட்டியதும் சொட்டியது, ஆனால் அவசர அவசரமாக. எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்டேன்.

"பச்சைமலையில எங்க தெருக் குழாய்ண்ணா இது. புதுசு வச்சப்ப இதைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். குடம் நிறையற வரைக்கும் அம்மா எனக்குத் தலை வாரி விடுவாங்க. ஒரு சொட்டுக்கு ஒரு தடவை சீப்பு இறங்கும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, உச்சியிலிருந்து தோள் வரைக்கும் வெறுங்கையால் மெதுவாக வாரினாள். மறுபடி வாரினாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு குழாயை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். இருபது வருஷமாக மூடியே பழகிய கை, ஒழுக வைக்கத் தெரியாமல் தடுமாறியது. எத்தனை தடவை தப்பியதோ கணக்கில்லை. ஒரு தடவை அவள் கை தோளைத் தொட்டதும் சொட்டு விழுந்தது. மறுபடி கை இறங்கியது, சொட்டும் விழுந்தது. தலைக்கு மேலே கூரை அசைய ஆரம்பித்தது. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இருட்டாக இருந்ததால் தப்பித்தேன்.

அதற்குள் மார்க் போடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தபோது, ஒருவர் என்னைக் காட்டி இவர் யார் என்று அவளிடம் கேட்டார். மாட்டினோம் என்று நினைத்தேன்.

"இந்த அண்ணாதான் சார் குழாயைச் சரியா ஒழுக வச்சுக் குடுத்தாங்க," என்றாள்.

அவர் எனக்குக் கை கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அவளுக்கு நல்ல மார்க் வந்ததாகப் பிறகு ஆபீசில் சொன்னார்கள், அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஒழுகுகிற குழாயை இன்றும் நான் விடுவதில்லை; ஆனால் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னால், ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுகிற வரைக்கும் நின்று பார்க்கிறேன், அந்த நேரத்தில் யாரோ ஒரு அம்மா தன் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள் என்று தோன்றுகிறது.