முப்பது சதவீதத் தீ

அமீரகத்து ராஸ் அல் கைமாவில் கோடையில் குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் சிவப்புக் குழாயைத் திறக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீலக் குழாய்த் தண்ணீர் தோலை உரித்துவிடும். சிவப்புக் குழாய்த் தண்ணீரோ, ஏசி அறையில் அணைத்துவைத்த ஹீட்டருக்குள் கிடந்து ஆறியிருக்கும். ஊரில் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். சூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கே வந்துதான் மாற்றிக்கொண்டேன்.

செராமிக் தொழிற்சாலையில் டைல்ஸ் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு போனது. பெரம்பலூர் பஸ் நிலையத்தில் டீ மாஸ்டராக இருந்தவன் என்று கெஞ்சி, கேம்ப் சமையலறைக்கு மாற்றல் வாங்கினேன். தினமும் நானூறு பேருக்கு டீ. அடுத்த வருடமே கம்பெனி டீ கொதிக்கவைக்கும் ஒரு தானியங்கி டிரம்மை இறக்கியது. அடியில் கரண்டில் சுடும் கம்பிச் சுருள், முன்னால் எண்கள் ஒளிரும் பெட்டி. லாகூர்க்கார இன்ஜினியர் செட் வேல்யூவைத் தொண்ணூற்றைந்து டிகிரியில் வைத்தார். ஆட்டோவில் தானாகவே ஓடட்டும், "ஹாத் மத் லகாவோ பாய்" என்றார். கை வைக்கவே கூடாதாம்.

தொண்ணூற்றைந்தில் பால் சூடாகுமே தவிர பொங்காது. இரண்டு முறை பொங்கி அடங்காத டீயை நம் ஆள் எவனும் வாயில் வைக்கமாட்டான்.

"என்ன மாப்ள, டீயா வெந்நியா? பச்ச வாட அடிக்குது," என்றார் வரிசையில் முதலில் நின்ற கீழக்கரை சலீம் பாய்.

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை, அடுப்பு வால்வைத் திருகும் பழக்கத்தில் செட் வேல்யூவை நூற்றைம்பதுக்கு ஏற்றினேன். துளியும் வேகம் கூடவில்லை. ஆனால் கொதிக்கத் தொடங்கியதும் அடங்கவே இல்லை. பால் முழுதும் தரையில் ஓடியது. வியாழக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் டைல்ஸ் செக்ஷனுக்கே திரும்பிப் போ என்றார் இன்ஜினியர். அன்று டெலிபோன் கார்டில் மனைவியிடம் பேசியபோது இதைச் சொல்லவில்லை. மறுபடி அந்தப் பெட்டிகளைத் தூக்கினால் என் இடுப்பு தாங்காது என்று எனக்குத் தெரியும். போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மூன்று நாள் மதியத் தூக்கத்தை விட்டேன். டிரம்மில் வெறும் தண்ணீரை நிரப்பி, எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். செட் வேல்யூ என்பது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது. எவ்வளவு தீ என்று சொல்வது அவுட்புட். இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் என் தப்பு. கொதி வந்தபின் சூடு நூறிலேயே நின்றுவிடுகிறது. நூற்றைம்பது வரவில்லையே என்று மெஷின் முழுத் தீயைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பாவம், அதற்குப் பால் பொங்குவது தெரியாது. மேனுவலுக்கு மாற்றினால் அந்தத் தீயை நாமே குறைக்கலாம்.

வியாழன் காலை இன்ஜினியர் வந்தார். கொதி வந்ததும் மேனுவலுக்கு மாற்றி, அவுட்புட்டை முப்பது சதவீதத்துக்கு இறக்கினேன்.

"மெஷின் கராப்?" என்று முகம் சுளித்தார். ஆட்டோவை விட்டதால் பழுது என்றே நினைத்துவிட்டார்.

"மெஷின் அச்சா சார். பாயில் வரைக்கும் ஆட்டோ. அப்புறம் மேனுவல், தேர்ட்டி."

டீ பொங்கியது, அடங்கியது, மறுபடி பொங்கியது. ஒரு சொட்டு வழியவில்லை. குடித்துப் பார்த்தார். மார்க்கரை எடுத்துப் பெட்டியின் மேல் '30' என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறு வருடம் லீவில் ஊருக்குப் போன முதல் காலை, நானே டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் நுழைந்தேன். பாலை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"போதுங்க, ரெண்டு பேருக்குத்தான," என்று தடுத்தாள் மனைவி.

எவ்வளவு பால், எவ்வளவு தூள் என்று கேட்டேன். டப்பாவைத் திறந்து கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நான் இல்லாத ஐந்து வருடமாக அவளுக்கு ஒரு ஆளுக்குப் போட்டுத்தான் பழக்கம்.