எவர்சில்வர் டம்ளர் சோதனை

"எத்தனை லட்சம் ரூபாய் ஸ்பீக்கரானாலும் சரி, சமையலறை டம்ளர் குலுங்கினால்தான் அதில் பேஸ் (bass) இருக்கிறது என்று அர்த்தம்."

இன்று காலை ஓர் ஆடியோ குழுவில் பெருமையாக இப்படி எழுதினேன்.

எண்பதுகளில் நெய்வேலியில் இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தவன் என் ஷிப்ட் நண்பன் செல்வராசு. அவன் குவார்ட்டர்ஸ் சுரங்கத்தை ஒட்டிய பிளாக்கில் இருந்தது. ஒரு மதியம் அவனே பெட்டி அடித்துச் செய்த ஸ்பீக்கரில் மிருதங்கம் போட்டான். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. என் ஜெர்மன் ஸ்பீக்கர் ஜோடியை அன்றே அவனிடம் கொடுத்துவிட்டு, அதை வாங்கி வந்தேன்.

சுரங்கத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த என் வீட்டில் ஒரு டம்ளரும் அசையவில்லை.

"புது எடம்டா, ஸ்பீக்கர் பழகணும்" என்றான்.

செங்கல் மேல் வைத்தேன். கடப்பாக்கல் மேல் வைத்தேன். ஜெர்மன் ஜோடியே நன்றாக இருந்தது என்று காது சொன்னது. நண்பன் சொல்கிறானே என்று காதை அடக்கினேன்.

இன்று என் பதிவின் கீழே செல்வராசு எழுதியிருக்கிறான்: "டேய், இன்னுமா நம்பிகினு இருக்க? மைன்ஸ்ல பாறைக்கு வெடி வெக்கிற நேரம் பாத்துதான் உன்னக் கூப்ட்டேன்."

தினமும் கேட்ட வெடி. பழகிப்போய் எனக்கு உறைக்கவே இல்லை.

"இப்பவும் மைன்ஸ் பக்கத்துலதான் இருக்கேன், மந்தாரக்குப்பம் வூட்டுக்கு வாடா. உன் ஜெர்மன் ஸ்பீக்கர் இன்னும் சூப்பரா பாடுது" என்று வேறு கூப்பிடுகிறான்.

போகத்தான் போகிறேன். வெடி வைக்காத நேரம் எது என்று அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். அவனிடம் கேட்பதாக இல்லை.