அருளப்பன் திருத்திய கம்ப்யூட்டர்

பெருமாள்மலை முக்கில் அருளப்பனுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. முன்பக்கம் லாரி நிற்கும். பின்பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்குச் செய்கிற சப்பரம் அரைகுறையாக நிற்கும். தகரம் வெட்டுவது, பற்றவைப்பது, மேலே வர்ணம் அடிப்பது எல்லாம் அவர் ஒருத்தர்தான். வெறுமையாக ஒரு இடம் கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வீட்டு மாவு டப்பாவில் தாமரை, தண்ணீர்க் குடத்தில் கிளி, மனைவி சகாயராணியின் குடைக் காம்பில் திராட்சைக் கொடி. எதிர்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்த சமயம் அவருடைய வெள்ளைக் கதவில் இரண்டு மான் வரைந்து வைத்தார். திரும்பி வந்தவர் சண்டைக்கு வந்தார். "மானு வேணாம்னா சொல்லுங்க, மயிலாக்கித் தாரேன்" என்றார் அருளப்பன். அந்தாள் அப்புறம் பேசுவதில்லை.

இப்படி மலையெல்லாம் வரைந்து தள்ளியும் அவருக்கு ஒரு குறை இருந்தது. எதுவும் நிலைக்கவில்லை. லாரியை வருஷாவருஷம் தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்குக் கொண்டுபோகும்போது சமவெளியில் எவனாவது பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதுசு அடித்துவிடுவான். ஏரிப் படகில் எழுதியதைத் தண்ணீர் தின்றது. கல்லறைக் கல்லில் எழுதியதைப் பாசி தின்றது. எதைச் செய்தாலும் கீழ் மூலையில் 'அருள் ஆர்ட்ஸ், பெருமாள்மலை' என்று சிவப்பில் போடுவார். ஒரு மழைக்காலம் போனால் 'அருள்' மட்டும் இருக்கும். இன்னொன்று போனால் அருளும் போய்விடும். மழையும் எஃப்.சி.யும் தொடாத ஒரு பொருளில் தன் பெயர் நிற்கவேண்டும், அதைப் பார்த்து நாலு பேர் 'யாருப்பா இந்த அருள் ஆர்ட்ஸ்' என்று கேட்கவேண்டும். அவருக்கு அதுதான் ஆசை.

எண்பத்தேழாம் வருஷத்துச் சீசனுக்குக் குருநாதன் மலையேறி வந்தார். பழனி அடிவாரத்தில் ஜாதகம் கணிக்கிற குடும்பம் அவருடையது. அப்பாவிடம் உட்கார்ந்து கணக்குப் படிக்கச் சோம்பல்பட்டவர், மெட்ராஸுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்துவிட்டார். பெயர், பிறந்த தேதி, நேரம் மூன்றையும் தட்டினால் அது கட்டம் போட்டு, பலன் எழுதி, கிர்கிர்ரென்று காகிதத்தில் துப்பும். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை பிடித்து, 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டினார்.

கூட்டம் வந்தது. எட்டிப் பார்த்தது. போய்விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அதற்கு மேல் ஒரு சின்ன டிவி, முன்னால் பட்டன் பலகை. பூம்பாறையிலிருந்து பூண்டு விற்க வந்த ஒருத்தர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல படம் எப்பப் போடுவீங்க?" என்று கேட்டார்.

குருநாதன் பஸ் பிடித்துப் பெருமாள்மலைக்கு வந்து சேர்ந்தார்.

"பெயிண்டரே, பொட்டி மொட்டையாக் கெடக்கு. பாத்தா ஒருத்தனுக்கும் பயமும் வரல, பக்தியும் வரல. ஏதாச்சும் பண்ணணும்."

"வீட்டுக்குள்ளதான இருக்கும்?" என்று அருளப்பன் கேட்டார்.

"பின்ன ரோட்டுலயா வப்பாக?"

"மழ படாதுல்ல. எஃப்.சி. கெடையாதுல்ல."

"கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா எஃப்.சி.?"

அருளப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "பண்ணிருவோம். எம்பேரு மட்டும் ஒரு மூலைல இருக்கணும். அத யாரும் தொடக்கூடாது."

"பேருதான, தாராளமாப் போட்டுக்கங்க" என்றார் சோசியர். பெயருக்கு என்ன செலவு.

பெட்டி கொட்டகைக்கு வந்தது. சகாயராணி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "ஏங்க, சோசியம் பாக்குற மிஷினுக்கு மயில் வரையப் போறீங்களாமே. பங்குச்சாமி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"சாமிக்குச் சப்பரமும் நாந்தான் செய்றேன். ரெண்டு எடத்துலயும் ஒரே பெயிண்டுதான். போயி சோலியப் பாரு."

முதலில் கம்பெனிக்காரன் போட்ட கூட்டைக் கழற்றி எறிந்தார். புதுத் தகரத்தில் கூடு செய்து, காற்றுப் போக லாரி பானெட்டில் வெட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் வரிவரியாக வெட்டினார். டிவிக்கு மேலே தகரத்தில் திருவாசி வளைத்து, அதன் உச்சியில் லாரியின் சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பதித்தார். நாலு காலுக்கும் சில்வர் ஓக் மரத்தில் சிங்கப் பாதம் செதுக்கினார். காகிதம் துப்புகிற மிஷினுக்குத் தாமரை இதழாக ஒரு மூடி. உடம்பு முழுக்க மெரூன் கலர், அதில் மஞ்சள் கரை, இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில். பழக்க தோஷத்தில் முதுகுப்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். அதற்குக் கீழே 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்றும் எழுதினார். பார்க்க வந்த குருநாதன் பதறிப்போனார்.

"கலியாணப் பொருத்தம் பாக்குற எடத்துல இதப் போட்டா வெளங்குமாய்யா? அழிங்க மொதல்ல."

கீழ்வரியை மட்டும் அருளப்பன் அழித்தார். மேல்வரி சுவர்ப் பக்கம்தானே போகும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் மிஞ்சியது பட்டன் பலகை. ஒவ்வொரு பட்டனையும் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, மெரூன் அடித்து, தங்கக் கலரில் எழுத்து எழுதி, ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பூவும் வைத்தார். பூண்டு காயவைக்கிற சுளகில் பரப்பி, மேகம் விலகுகிறபோதெல்லாம் வெளியே வைத்து எடுத்தாள் சகாயராணி. பட்டனெல்லாம் பூண்டு வாசம்.

திரும்ப மாட்ட உட்கார்ந்தபோதுதான் அருளப்பனுக்குக் கம்பெனிக்காரன்மேல் கோபம் வந்தது. கழற்றும்போதே கவனித்திருந்தார். க்யூ முதலில் இருந்தது. ஏ ரெண்டாவது வரிசையில் இருந்தது. இசட் கடைசி வரிசைக்கு முதலில் வந்து கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தான். எழுத்துக்கு வரும்போது கம்பெனியில் ஷிப்ட் முடிகிற நேரமாகியிருக்கும், கையில் வந்ததைச் சொருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று அருளப்பன் முடிவுகட்டினார். அஞ்சாவது வரைதான் அவர் படித்திருந்தார் என்றாலும் ஏ, பி, சி, டி தெரியும். நம்பர் பிளேட் எழுதுகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா. ஏ-யில் தொடங்கி இசட் வரைக்கும் வரிசையாக, நூல் பிடித்த மாதிரி மாட்டினார். இதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை. பிறகு பலகையின் வலது மூலையில், மயில் கழுத்து நீலத்தில், 'அருள் ஆர்ட்ஸ், பெருமாள்மலை' என்று எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் பெட்டியை வைத்து விளக்குப் போட்டதும் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பூம்பாறை சின்னத்தாயி கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து, மகள் வள்ளிக்கு ஜாதகம் கேட்டாள். குருநாதன் ஒற்றை விரலால் எழுத்துத் தேடித்தேடி அமுக்குகிறவர். புதுப் பலகையில் தேட வேண்டிய வேலையே இல்லை. வி, ஏ, எல், எல், ஐ. சுகமாக அமுக்கினார். காகிதம் வந்தது. தேதி சரி, நேரம் சரி, கட்டம் சரி. பெயர் இருக்கிற இடத்தில் சி, க்யூ, எஸ், எஸ், ஓ என்று இருந்தது.

கூட வந்திருந்த தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, அக்கா பேரு வேற என்னமோ மாதிரி இருக்கு?" என்றான்.

குருநாதன் கண்ணை இமைக்கவில்லை. "அது நட்சத்திரப் பேரு. வெளிய சொல்லக்கூடாது."

சொல்லவேண்டும் என்றாலும் வாயில் நுழையாதுதான். சின்னத்தாயி காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். ஆனால் அடுத்து வந்தவர் வாத்தியார். அவரிடம் நட்சத்திரப் பெயர் செல்லவில்லை. சாயங்காலமே குருநாதன் ஆள் அனுப்பி அருளப்பனை வரவழைத்தார்.

"பெயிண்டு உள்ள எறங்கி மிஷினக் கெடுத்துருச்சு. எதத் தட்டுனாலும் வேற ஒண்ணு வருது."

"எம்பெயிண்டு எறங்காது. லாரி இன்ஜினுக்குள்ளயே எறங்குனது கெடையாது."

"நாளைக்கு வெள்ளனே வந்து மொத்தத்தையும் சுரண்டிட்டுப் பழையபடி ஆக்கிக் குடுங்க. பேரும் வேணாம், மயிலும் வேணாம்."

எஃப்.சி. இல்லை என்று அருளப்பன் நம்பி வந்த இடத்தில் ஒரே நாளில் எஃப்.சி. வந்து நிற்கிறது. மறுநாள் சுரண்டியோடு வந்தார், ஆனால் அதைப் பையைவிட்டு எடுக்கவில்லை. டீ வாங்கிக் குடித்தார். இன்னொரு டீ வாங்கிக் குடித்தார்.

அன்றுதான் கடையில் டைப் அடிக்க அமலி வேலைக்குச் சேர்ந்தாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின பெண். ஈஸ்டர் முடிந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். விஷயம் எதுவும் தெரியாமல் வந்து உட்கார்ந்தாள். டிவியைப் பார்த்தபடி, இன்ஸ்டிடியூட்டில் பழக்கின மாதிரி முதுகு நிமிர்ந்து, கீழே குனியாமல் தடதடவென்று தட்டினாள். பெயர் தப்பில்லாமல் வந்தது. இன்னொன்று தட்டினாள். அதுவும் வந்தது.

"மிஷின் நல்லாத்தான சார் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கீழே பார்த்தவள் கையை இழுத்துக்கொண்டாள். "யாரு சார் இந்தக் கூத்துப் பண்ணுனது?"

"கூத்து இல்ல தாயி" என்றார் அருளப்பன். "கம்பெனிக்காரன் தாறுமாறா வச்சிருந்தான். ஒழுங்குபடுத்தியிருக்கேன்."

"மாமா, ஒலகம் பூராத்துக்கும் அந்தத் தாறுமாறுதான். மூடிய மாத்துனா உள்ள இருக்கிறது மாறுமா?"

"ஒலகம் பூரா ஏ-க்கு அப்பறம் பி-தான. இல்லங்கிறியா?"

அமலி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எப்பிடியும் இருக்கட்டும் மாமா. எனக்கென்ன, நான் பாக்கவா போறேன்" என்றாள்.

சுரண்டிவிடுங்கள் என்று குருநாதன் சொன்னபோதுகூட அருளப்பனுக்கு இவ்வளவு உறைக்கவில்லை. எழுத்து எழுத்தாகப் பூ வைத்து எழுதியதைப் பார்க்காமல் இருந்தால்தான் மிஷின் வேலை செய்யுமாம்.

ஆனால் வந்தவர்கள் பார்த்தார்கள். பெண் ஹெச்-சுக்கு மேல் விரல் வைக்கிறாள், டிவியில் ஐ வருகிறது. குனிந்து பார்ப்பதே இல்லை, பெயர் மட்டும் சரியாக வந்து விழுகிறது. அடிவாரத்திலிருந்து வந்த சிவபாக்கியம் என்கிற அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பொண்ணு கைய ஆரோ புடிச்சு நடத்துறாகடி" என்றாள். அவ்வளவுதான். பழனிக்குப் போய்விட்டு மலையேறி வருகிற பஸ்ஸெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்றது. எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு விளக்கினார்கள். வாத்தியாரே இரண்டாம் தடவை வந்து, கைகட்டி நின்று, சம்சாரத்துக்கும் ஒன்று எடுத்துப் போனார்.

குருநாதன் அருளப்பனைத் தனியாக டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"பெயிண்டரே, எழுத்து அப்படியே இருக்கட்டும். உங்க பேர மட்டும் எடுத்துருங்க."

"பேரு இருக்கலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப நெலம வேற. தானா எழுதுற மிஷின்னு ஜனம் கும்புடுது. அதுல போயி அருள் ஆர்ட்ஸ், பெருமாள்மலைன்னு இருந்தா, பெயிண்டர் பாத்த வேலைன்னு தெரிஞ்சுராதா?"

"பேரு இருந்தே ஆகணும்னா?"

"அப்ப எழுத்த அமலி சொல்ற மாதிரி பழைய எடத்துல மாட்டிருங்க. பேரு உங்க காலத்துக்கும் இருக்கட்டும், நான் தொடல. கூட்டம் போகும், போகட்டும், ஏதோ பொழச்சிக்கிறேன். ரெண்டுல ஒண்ணு. வெரசாச் சொல்லுங்க, உள்ள ஆளுக நிக்கிது."

அருளப்பன் பட்டன் பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அமலி எழுந்து இடம் விட்டாள். கரண்டியைக் கையில் எடுத்து ஏ-யை நெம்பினார். அது அரையளவு கிளம்பியது. அந்த இடத்தில் க்யூ-வை வைக்கவேண்டும். க்யூ-வைக் கொண்டுபோய் முதலில் வைக்கிறவனை என்னவென்று சொல்வது. அதற்குப் பக்கத்தில் டபிள்யூ. அதற்கடுத்து ஈ. இப்படி மாட்டி, அதற்குக் கீழே தன் பெயர் காலத்துக்கும் நின்றால், பார்க்கிறவன் 'யாருப்பா இந்த அருள் ஆர்ட்ஸ்' என்றுதான் கேட்பான். அவர் நினைத்த தொனியில் கேட்கமாட்டான்.

ஏ-யைக் கட்டைவிரலால் திரும்ப அமுக்கி உட்காரவைத்தார்.

"தின்னர் பாட்டிலக் குடு தாயி" என்றார் அமலியிடம்.

பழந்துணியை நனைத்து மூலையைத் தேய்த்தார். மயில் கழுத்து நீலம் லேசில் போகவில்லை. எறங்காத பெயிண்டு. மூன்று நாலு தடவை தேய்த்தபின் 'பெருமாள்மலை' போயிற்று, 'ஆர்ட்ஸ்' போயிற்று. 'அருள்' கடைசியாகப் போயிற்று. அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. அருளப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்து ஒரு பூ வைத்தார்.

வரிசையில் நின்ற அய்யம்பாளையத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தெல்லாம் என்ன அழகா வரிசையா இருக்குங்க. கம்பெனியிலயே இப்பிடித்தான் வருதுங்களா?"

"கம்பெனிக்காரனுக்கு ஏது அவ்வளவு அறிவு" என்றார் அருளப்பன்.

"பின்ன யாரு வச்சதுங்க?"

மேஜைக்கு அந்தப் பக்கம் குருநாதன் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார். அருளப்பன் டப்பாவை மூடி, பிரஷ்ஷை வேட்டி முனையில் துடைத்தார்.

"எவனோ வெவரமான ஆளு" என்று சொல்லிவிட்டு, பெருமாள்மலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.