கணினியில் இறந்த பெரியம்மா

உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கறுப்புக் கருவியில் விரலை வைத்தால் உள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் எழும். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் பச்சையாகும். எங்கள் எஸ்டேட் கடைவீதியில் கணினி மையம் திறந்தபோது அதன் முன்னால் வேலைக்கு உட்கார்ந்தவள் நான். இனி மலைக்கும் உலகத்துக்கும் நடுவில் தூரமே இல்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பென்ஷன் நின்றுபோனதென்று வந்தார். வருடத்துக்கொருமுறை விரல் வைத்து உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும், மஸ்டரிங் என்பார்கள். அந்த வருடம் அது நடந்தபோது மகளின் பேறுகாலத்துக்காகப் போடிக்கு இறங்கிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கணினியில் இறந்திருந்தார். பெயருக்கு நேரே மலையாளத்தில் ‘மரணம்’ என்றிருந்ததை நான்தான் வாய்விட்டு வாசித்தேன்.

“செத்தவளுக்கா காலையில மூட்டு வலிக்கி?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

விரல் பதிந்தால் சரியாகிவிடும் என்று பென்ஷன் ஆபீஸில் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை ஏது? எண்ணெய் தடவினோம், வெந்நீரில் ஊறவைத்தோம். எந்த விரலுக்கும் பச்சை எரியவில்லை. கண்ணைப் பதியும் கருவியில் காட்டினால் புரை மறைத்தது.

“ஏட்டி, உனக்கு என்னையத் தெரியும்லா? நீ சொல்லேன்.”

“எனக்குத் தெரியும் பெரியம்மா. இதுக்குத் தெரியணுமே.” அதைச் சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதன்பிறகு அவர் சிரிப்பது நின்றது. எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், “நான் வந்தது காதுல விழுந்துச்சா?” என்று கேட்பார். விழுந்திருக்காது. ஆமாம் என்று சொல்லிவைப்பேன். உள்ளுக்குள் பயமாக இருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், பூசையில் சாமியார் ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவார். சன்னலெல்லாம் மஞ்சு மூடிய அந்தக் காலையில், வாசித்துக்கொண்டே வந்தவர் பெரியம்மாவின் பெயரையும் வாசித்தார். எழுதிக் கொடுத்தது பெரியம்மாவேதான் என்று பிறகுதான் தெரிந்தது. பெண்கள் வரிசையில் அவர் எழுந்து நின்றார். தேயிலைக் காட்டுக்குப் போகுமுன் கங்காணி பேர் கூப்பிடும்போது சொல்கிற அதே குரல்.

“இருக்கேன் சாமி. எல்லாரும் பாத்துக்கிடுங்க.”

சாமியாருக்கு என்ன தோன்றியதோ, நிமிராமலே அடுத்த பெயருக்குப் போனார். அது என் அப்பாவின் பெயர். அவர் சவப்பெட்டிமேல் மண் அள்ளிப் போட்டவள் நான். கோயிலில் ஒருவரும் அசையவில்லை, ‘இருக்கேன்’ என்ற குரலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.