பட்டு நூலில் தைத்த தொடர்கதை

உனக்கு மிகவும் பிடித்த புத்தகங்கள் எவை என்று விடுதியில் அடிக்கடி கேட்கிறார்கள். ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்களில் வாசிக்கிறவள் என்று பெயரெடுத்தவள் நான். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு கப்பல் நாவலைச் சொல்வேன். கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றிய சின்ன நாவல் ஒன்றைச் சொல்வேன். முதலிடத்தில் இருப்பதைச் சொல்வதில்லை. அது கடையில் விற்ற புத்தகம் அல்ல. நானும் அம்மாவும் தைத்தது.

எங்கள் ஊர் முள்ளிப்பட்டு. வீட்டில் பாதி இடம் தறிக்குப் போய்விடும். அப்பா இறந்த பிறகு அம்மா நெய்துதான் என்னைப் படிக்க வைத்தாள். ஆரணியில் முதலாளி வீட்டில், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டு நூலான பாவையும் சரிகையையும் எடைபோட்டுத் தருவார்கள். நெய்த புடவையும் மீந்த நூலும் சேர்ந்து அந்த எடைக்குத் திரும்ப வரவேண்டும். பாவு முடியும்போது தறியில் மிஞ்சும் நுனி நூலைக்கூட முடிச்சுப் போட்டுத் திருப்பித் தருவது அந்த வீட்டு முறை.

முதலாளியம்மா வார இதழ் வாங்குபவர். படித்து முடித்தவற்றை அடுப்பு பற்றவைக்க ஆகும் என்று அம்மாவிடம் கொடுத்தனுப்புவார். நாங்கள் ஒரு தாளைக்கூட அடுப்பில் வைத்ததில்லை. அதில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. லாரி செட்டில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தி, காணாமல் போன தம்பியைத் தேடி லாரிகளிலேயே ஊர் ஊராகப் போவாள். அம்மா நெய்ய, நான் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அந்தப் பெண் ஒரு டிரைவரை நம்பிப் போகும் இடத்தில் அம்மா குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டாள்.

"வாணாம்னு சொல்லுடி அவகிட்ட."

"கதைம்மா இது. அச்சாயிட்டுது."

"அச்சாயிட்டா இன்னா? போற வண்டிய நிறுத்தக் கூடாதா?"

கதை முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து வரிசையாக அடுக்கினேன். தைக்கச் சாதாரண நூலை எடுத்தபோது அம்மா அதைப் பிடுங்கிப் போட்டாள். "இது நாலு தரம் பொரட்டினா அறுந்துடும்" என்றாள். முந்தின பாவில் மிஞ்சிய நுனி நூலில் கொஞ்சம் அவளிடம் இருந்தது. அரக்கு நிறம். தொடையில் வைத்து அவளே முறுக்கித் தந்தாள். ஊசியும் அவளே கோத்தாள். காலண்டர் அட்டை வைத்து நான் தைத்தேன். அதுபோல அழகான பைண்டிங்கை நூலகத்திலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை முதலாளி வீட்டுக்குப் போய் வந்த அம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். முதலாளியம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வந்த இரண்டு வார இதழ்கள், அவர் படிக்காமலே பழைய கட்டோடு எங்களுக்கு வந்துவிட்டனவாம். "எம்பொண்ணு முழுசும் தச்சி வச்சிருக்குன்னு சொன்னேன்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நானும் கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடச் சீருடையில் போனேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் என்று பார்த்ததும் தெரியட்டும் என்று.

புடவை கொடுக்க வந்தவர்கள் சிலர் தராசருகே உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியம்மா புத்தகத்தை வாங்கி, "நல்லாத்தான் தச்சிருக்கே" என்று புரட்டினார். பிறகு நடுப்பக்கத்தை விரித்து, நூலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"ஏம்மா, இது எங்க வூட்டு நூலாச்சே."

அம்மாவிடம்தான் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். மிஞ்சினதுதாங்க, கேக்காம எடுத்துட்டேன் என்று அவள் சொல்வாள், திட்டு வாங்குவோம், முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றாள் அம்மா. "அது படிக்கிற பொண்ணு. எதை எடுக்குது, எதை வைக்குதுன்னு நான் பாத்துகினா இருக்கேன்?"

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "பள்ளிக்கூடத்துல இதையும் சொல்லிக் குடுக்கறாங்க போல" என்றார். சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் திருடி ஆகியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும். நான் திறக்கமாட்டேன் என்பதும் தெரியும்.

புடவை நுனி வெட்டும் கத்தரியால் முதலாளியம்மா தையலை அறுத்து, நூலை உருவித் தராசுத் தட்டில் போட்டார். தட்டு அசையவில்லை. பக்கங்களிலிருந்து அந்த இரண்டு வாரத்தையும் தேடி எடுத்துக்கொண்டு, மீதியை என்னிடம் நீட்டினார். "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு. போ."

திரும்பி வரும் வழியில் அம்மா பேசிக்கொண்டே வந்தாள்.

"நான்னு சொல்லியிருந்தா பாவு குடுப்பாங்களாடி? உன்னைன்னா வுட்டுடுவாங்க. வுட்டுட்டாங்க இல்ல?"

"நீதானே முறுக்கிக் குடுத்தே."

"ஆமா. அத்த அங்க சொல்லச் சொல்றியா? இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜார் பண்றே?"

அவள் கணக்கு சரிதான். அவள் நெய்யாவிட்டால் என் படிப்பும் இல்லை. அந்த ஒரு நொடியில் யாரை விட்டுக்கொடுத்தால் செலவு குறைவு என்று பார்த்தாள், என்னைக் கொடுத்தாள். என்னிடம் பெருமைப்பட இருந்தது அந்தப் படிப்பு ஒன்றுதான். அதையே சாக்காக வைத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். அவள் சிரித்ததை மறக்க முடியவில்லை.

அவள் சொன்னபடியே புதுப் பாவு வந்தது. அதோடு பழைய இதழ்களும் வந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு தறியிலிருந்து தள்ளி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். புதிய தொடர்கதை தொடங்கியிருந்தது. அதுவரை கதைகளை வாய்விட்டுத்தான் படித்துப் பழக்கம். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மனசுக்குள் படிக்க முயன்றேன். முதல் பக்கத்துக்கு வெகுநேரம் ஆனது.

"கத கித ஒண்ணும் வரலியா?" என்றாள் அம்மா.

நான் பக்கத்தைத் திருப்பினேன். தாள் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். நாடா சிறிது நேரம் நின்றிருந்தது. பிறகு நெய்ய ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிடச் சுலபமாக வந்தது.